உங்களுக்கு எழுதிய விதியை எங்கள் முதியவர்களுக்கும் எழுதுங்கள்

2025 நவம்பர்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் 57 உறுப்பினர்களுக்கு,



டிசம்பர் 1ஆம் தேதி குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்குகிறது. நீங்கள் டெல்லிக்குக் கிளம்புவதற்குள் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். உங்களில் எந்தக் கட்சிக்காரரையும் தனியாகக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் விஷயத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் டெல்லியில் ஆட்சி செய்த எல்லோருக்கும், அந்த ஆட்சிகளில் பங்கு வகித்த எல்லோருக்கும் பொறுப்பு இருக்கிறது.

விஷயம் பென்ஷன் உயர்வு. யாருக்குச் சட்டப்படி உயர்கிறது, யாருக்கு மனசு வைத்தால் உயர்கிறது, யாருக்கு உயர்வதே இல்லை என்பது.

நான் கோவை சிங்காநல்லூர்க்காரன். பஞ்சாலைகளை நம்பிப் பிழைத்த பகுதி இது. எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் மாலையில் உட்கார்ந்து, பென்ஷன் சம்பந்தமாக யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்வேன், மனு எழுதித் தருவேன். பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். எந்த மாதத்திலும் கொடுக்கலாம் என்று இப்போது விதி இருந்தாலும், பழைய பழக்கத்தில் பெரும்பாலோர் நவம்பரில்தான் வருகிறார்கள்.

சென்ற வாரம் ஓர் அண்ணன் வந்தார். மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்து 2010இல் ஓய்வு பெற்றவர். சான்று போய்ச் சேர்ந்ததா, இந்த மாதப் பணம் ஏறியதா என்று பார்க்கச் சொல்லி பாஸ்புக்கை நீட்டினார். ஏறியிருந்தது. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். முந்தைய மாதமும் அதே தொகை. பக்கத்தைப் புரட்டினேன், அதே தொகை. பழைய பாஸ்புக்குகளையும் ஒரு ரப்பர் பேண்டு போட்டு மஞ்சள் பையில் வைத்திருந்தார். 2010இல் வந்த முதல் வரவும் அதே தொகைதான். பதினைந்து வருஷமாக ஒரு ரூபாய் கூடவில்லை.

“மொத மாசம் வந்தப்போ கேஸ் வாங்கி, கரண்ட் பில் கட்டி, மாத்திரையும் வாங்குனனுங்க தம்பி. இப்ப மாத்திரைக்கே பத்தறதில்லீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். அதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது.

இனி உங்கள் பென்ஷனுக்கு வருகிறேன். 2025 மார்ச் 24 அன்று ஓர் அறிவிக்கை வெளியானது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் மாதம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000 ஆனது. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000 ஆனது. ஐந்து ஆண்டுக்கு மேல் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்குமான கூடுதல் ஓய்வூதியம் 2,000இலிருந்து 2,500 ஆனது. இவை அத்தனையும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. அதாவது அறிவிக்கை வந்த நாளில், ஒரு முன்னாள் உறுப்பினருக்கு ஓய்வூதிய நிலுவை மட்டும் இரண்டு வருஷத்துக்கு 1,44,000 ரூபாய்.

இதைக் கண்டிக்க நான் வரவில்லை. எம்.பி.க்களுக்கு எதற்குப் பென்ஷன் என்று டீக்கடையில் கேட்பது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வசதி இல்லாதவர்களும் பொதுவாழ்வுக்கு வர வேண்டும் என்றால் அவர்களுக்குச் சம்பளமும் வேண்டும், முதுமையில் ஓய்வூதியமும் வேண்டும். கொரோனா காலத்தில் ஓராண்டுக்கு உங்கள் சம்பளத்தில் 30 சதவீதம் பிடிக்கப்பட்டதையும் நான் மறக்கவில்லை. உங்கள் பென்ஷனில் ஒரு பைசாவைக் கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது அந்த உயர்வுக்குப் பின்னால் இருக்கும் விதியை. 2018 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி ஒரு மாற்றத்தை அறிவித்தார். உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்கிறார்கள் என்ற பேச்சுக்கு முடிவு கட்ட, விலைவாசியோடு இணைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாகவே உயரும்படி சட்டம் செய்யலாம் என்றார். அந்த ஆண்டின் நிதிச் சட்டத்தின் மூலம், உறுப்பினர்களின் சம்பளம், படிகள், ஓய்வூதியம் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. வருமான வரிக்காக ஆண்டுதோறும் வெளியிடப்படும் செலவுப் பணவீக்கக் குறியீடுதான் அளவுகோல். 2018-19இல் அந்தக் குறியீடு 280. 2023-24இல் 348. இரண்டையும் வகுத்தால் 24 சதவீத உயர்வு வருகிறது. உங்கள் சம்பளம் அதனால்தான் 1,24,000 ஆனது. யாரும் கோரிக்கை வைக்கவில்லை, யாரும் போராடவில்லை, யாரும் அவையில் எழுந்து பேசவில்லை. கணக்கு தானாக ஓடியது.

இது நல்ல விதி. நேர்மையான விதி. விலை ஏறினால் பென்ஷனும் ஏற வேண்டும், அதற்கு யாரும் யார் காலிலும் விழக்கூடாது என்று சொல்லும் விதி. இந்த நாட்டில் இதைவிடத் தெளிவான பென்ஷன் விதி எனக்குத் தெரிந்து இல்லை. இதே அளவுகோலை எடுத்து, இந்த நாட்டின் மிகச் சிறிய பென்ஷனை அளந்து பார்த்தேன்.

தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை 1995 ஆகஸ்ட் 15 அன்று நரசிம்ம ராவ் அரசு தொடங்கியபோது மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். அது பிறகு 200 ஆயிற்று. 2007இல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டித் திட்டத்தை விரிவுபடுத்தியபோதும் 200தான். 2011இல் வயது வரம்பை 65இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள், எண்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும் 500 என்றார்கள். மற்றவர்களுக்கு இன்றுவரை 200. மன்மோகன் சிங் ஆட்சியின் மீதிக் காலம் முழுவதும் 200, மோடி ஆட்சியின் பதினோரு வருஷமும் 200.

2007-08இல் உங்கள் குறியீடு 129. 2023-24இல் 348. அந்த 200 ரூபாய்க்கு இந்த விதியைப் பொருத்தியிருந்தால் 2023 ஏப்ரலிலேயே அது 540 ரூபாய் ஆகியிருக்கும். எண்பது வயதுக்காரரின் 500 ரூபாய், 2011-12இன் குறியீடு 184 என்பதால், 946 ஆகியிருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் குறியீடு விலையேற்றத்தை முழுசாகக் காட்டுவதில்லை. நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வில் முக்கால் பங்கைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. சொத்து விற்பவர்களின் மூலதன ஆதாய வரிக்காக உருவாக்கப்பட்டது அது. அந்தக் குறைவான அளவுகோலின்படியே, மாதா மாதம் ஒரு முதியவரிடமிருந்து 340 ரூபாய் போயிருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் டெல்லியின் 200 ரூபாய் இங்கே யார் கண்ணுக்கும் படுவதில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1962 ஏப்ரலில், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. மத்திய அரசுக்கு அந்த எண்ணம் வர இன்னும் முப்பத்து மூன்று வருஷம் ஆயிற்று. 2011இல் ஜெயலலிதா அரசு 500 ரூபாயை 1,000 ஆக்கியது. பிறகு பன்னிரண்டு வருஷம் அது அப்படியே நின்றது. 2023 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு அதை 1,200 ஆக்கியது. பன்னிரண்டு வருஷத்துக்கு 20 சதவீதம். உங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு 24. எனவே மாநில அரசுகளும் இதில் பெருமைப்பட அதிகம் இல்லை. ஆனால் கேள்வி டெல்லியின் பங்கைப் பற்றியது. மத்தியத் திட்டத்தில் பெயர் இருக்கும் பாட்டி ஒருவர் 1,200 ரூபாய் வாங்கும்போது அதில் 200தான் மத்திய அரசுடையது. மீதி 1,000 மாநிலத்தினுடையது. அந்தப் பாட்டிக்கு இது தெரியாது. முதியோர் பணம் என்று ஒரே தொகையாகத்தான் கைக்கு வருகிறது. வங்கி முகவர் கைக்கருவியோடு தெருவுக்கு வருவார். வாழ்நாளெல்லாம் களை பறித்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்துபோன விரலை அதில் வைப்பார் பாட்டி. ரேகை பதியாது. முந்தானையில் துடைத்துவிட்டு இன்னொரு விரலை வைப்பார். நாலாவது விரலில் பதியும். அப்புறம் கையில் கிடைக்கும் பணத்தில் எது கோட்டையிலிருந்து வந்தது, எது டெல்லியிலிருந்து வந்தது என்று அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

அவருக்குத் தெரியாததால்தான் உங்களிடம் யாரும் கேட்பதில்லை. முதியோர் பணம் கூடவில்லை என்றால் எம்.எல்.ஏ.விடம் கேட்கிறார்கள், கவுன்சிலரிடம் கேட்கிறார்கள், தாசில்தார் அலுவலக வாசலில் நிற்கிறார்கள். எம்.பி. அலுவலகத்துக்கு வந்து, ஏன் 2007இலிருந்து 200 ரூபாயிலேயே நிற்கிறது என்று உங்களில் யாரிடமாவது ஒரு முதியவர் கேட்டிருப்பாரா? மாநிலங்கள் தங்கள் பங்கை ஏற்ற ஏற்ற, மத்தியப் பங்கின் தேக்கம் அதற்குப் பின்னால் மறைந்துபோகிறது. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, இந்தத் தொகையை உயர்த்துங்கள் என்று மறுபடி மறுபடி பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் சகாக்கள் உட்கார்ந்து எழுதிய அறிக்கைகள் அவை. அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

மாநிலங்கள் எப்போது உயர்த்துகின்றன என்பதையும் பாருங்கள். ஆந்திரத்தில் 2024 தேர்தலில் வாக்குறுதியாக வந்தது, தேர்தல் முடிந்ததும் 3,000 ரூபாய் 4,000 ஆனது. பீகாரில் 400 ரூபாயாகவே கிடந்தது, தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, 2025 ஜூனில், ஒரே தாவலில் 1,100 என்று அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் நெருங்கும்போது 1,600 ரூபாய் 2,000 ஆகியிருக்கிறது. கிடைத்தவரை நல்லதுதான். அந்த முதியவர்களுக்கு அது உண்மையான பணம், நான் அதை இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் தேர்தல் இல்லாத வருஷத்தில் விலை ஏறாமலா இருக்கிறது? உங்களுக்கு ஐந்தாண்டுக் கணக்குச் சட்டத்தில் இருக்கிறது. பாட்னாவில் இருக்கும் கிழவிக்குத் தேர்தல் நாட்காட்டிதான் கணக்கு.

அரசு ஊழியர் ஓய்வூதியத்திலும் இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் தலைகாட்டுகிறது. அவர்களுக்கு அகவிலை நிவாரணம் ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிடப்படுகிறது, 2025 ஜூலைக் கணக்கில் அது 58 சதவீதம். சங்கம் வைத்துப் போராடிப் பெற்ற உரிமை அது, எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் 2020 ஏப்ரலில் மத்திய அரசு மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தது. 2021 ஜூலையில் 17 சதவீதத்தை 28 ஆக்கியபோது, இடைப்பட்ட பதினெட்டு மாத நிலுவை கிடையாது என்றது. அதில் அரசுக்கு மிச்சமானது 34,402 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. பெருந்தொற்றுக் காலம், கஜானா காலி என்ற காரணத்தை அன்று பலரும் ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் கஜானா நிறைந்தது, நிலுவை மட்டும் வரவில்லை. உங்களுக்கோ இரண்டு வருஷ நிலுவை சட்டப்படி வந்து சேர்ந்தது.

உங்கள் உயர்வு வெளியான மறுநாள், மார்ச் 25 அன்று, மக்களவை நிறைவேற்றிய நிதி மசோதாவில் இன்னொரு பகுதியும் இருந்தது. ஓய்வு பெற்ற தேதியை வைத்து மத்திய அரசு ஓய்வூதியர்களை வேறுபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு, எப்போதும் இருந்தது என்று உறுதிசெய்யும் பகுதி. இருக்கும் நடைமுறையைத் தெளிவுபடுத்துகிறோம், யாருக்கும் பாதிப்பில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. ஓய்வூதியர் சங்கங்கள் பதறின. அந்தப் பதற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஓய்வூதியம் அரசு இரங்கிப் போடும் பிச்சை இல்லை, உழைப்புக்கு உரிய பங்கு என்றது. ஒரு தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என்று கோடு கிழித்துச் சிலருக்கு மட்டும் உயர்வு தருவது சமத்துவத்துக்கு விரோதம் என்றது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு கட்டிய சுவரில் செங்கல் உருவுகிறார்களோ என்ற பயம் அவர்களுக்கு வருவதில் என்ன தவறு? இந்தக் கூட்டத்தொடரின்போது அந்த 17ஆம் தேதி வருகிறது.

என் தெரு அண்ணனின் பி.எஃப். பென்ஷனுக்குத் திரும்புகிறேன். நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இது முதியோர் பணம் போன்ற உதவித்தொகை கிடையாது. தொழிலாளி வேலை செய்த ஒவ்வொரு மாதமும் முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. அரசு 1.16 சதவீதம் சேர்க்கிறது. 1995 நவம்பரில் தொடங்கிய திட்டம். கடைசிக் காலச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் பென்ஷன் வரும். அந்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு. முதலில் 5,000, 2001இலிருந்து 6,500, 2014 செப்டம்பரிலிருந்து 15,000. 2010இல் ஓய்வு பெற்றவர் கையில் எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் பொதுவாக 6,500 வரைதான் கணக்கு. பதினைந்து வருஷச் சேவைக்கு 1,393 ரூபாய் வருகிறது. 1995க்கு முந்தைய சேவைக்கு ஒரு சிறு தொகை கூடச் சேரும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அதே தொகை.

தொடக்கத்தில் அப்படி இல்லை என்பதைச் சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை. முதல் சில ஆண்டுகள் இந்தப் பென்ஷனுக்கும் ஆண்டு உயர்வு இருந்தது. நிதியின் மதிப்பீட்டைப் பார்த்து நாலு சதவீதம், ஐந்தரை சதவீதம் என்று சேர்த்தார்கள். 2000க்குப் பிறகு அது நின்றது. நிதியில் பற்றாக்குறை என்றார்கள். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பதில்தான். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பகத் சிங் கோஷ்யாரி தலைமையில், குறைந்தபட்சம் 3,000 ஆக்குங்கள், அரசின் பங்கை உயர்த்துங்கள் என்று பரிந்துரைத்திருந்தது. கோஷ்யாரி பாரதிய ஜனதாக் கட்சிக்காரர். அடுத்த ஆண்டே அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. பதினோரு வருஷமாக 1,000 அப்படியே இருக்கிறது. உங்கள் விதியைப் பொருத்தினால், 2014-15இல் குறியீடு 240, அந்த ஆயிரம் 2023 ஏப்ரலிலேயே 1,450 ஆகியிருக்க வேண்டும். உங்கள் ஓய்வூதியத்தில் கூடிய தொகை மட்டும் மாதம் 6,000. இந்தக் குறைந்தபட்சப் பென்ஷனைப் போல் ஆறு மடங்கு.

நிதியில் பற்றாக்குறை என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. சந்தாவை வைத்து நடக்கும் நிதியில், போட்டதைவிட அதிகமாக எல்லோருக்கும் கொடுத்தால் நாளை வரும் தொழிலாளிக்கு மிஞ்சாது. இன்று இருபத்தைந்து வயதில் ஒரு கம்பெனியில் சேரும் பிள்ளையின் பணமும் அதில் இருக்கிறது. எனவே உயர்வுக்கான பணம் நிதியிலிருந்து வரக் கூடாது, பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். இது புதிய வழியும் இல்லை. இப்போதைய 1,000 ரூபாய் குறைந்தபட்சமே பட்ஜெட் உதவியால்தான் நடக்கிறது. அரசின் 1.16 சதவீதம் 1995இல் நிர்ணயித்தது, முப்பது வருஷமாக அசையவில்லை. முதலாளியின் பங்கு பத்தாது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் அரசின் பங்கை மட்டும் ஏன் தொடவே இல்லை என்று நீங்கள் கேட்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதியமைச்சகம் கேட்கும். முதியோர் ஓய்வூதியத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்தியத் திட்டத்தில் சுமார் 2.2 கோடிப் பேர். ஆளுக்கு 340 ரூபாய் கூட்டினால் வருஷத்துக்கு ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய். எண்பது வயதுக்காரர்களின் உயர்வைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பெரிய தொகைதான். 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதில் நூறு ரூபாய்க்கு இருபது காசு கூட ஆகாது இது. முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் சேர்த்துத் தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25இல் ஒதுக்கியது 9,652 கோடி. 2025-26இல் ஒதுக்கியதும் 9,652 கோடி. ஒரு வருஷத்தில் ஒரு கோடி கூடக் கூடவில்லை.

ரேஷனில் அரிசி இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், பிறகு என்ன செலவு என்று சிலர் கேட்கிறார்கள். படித்தவர்கள் கேட்கிறார்கள். ரேஷன் அரிசி இல்லாவிட்டால் எங்கள் பகுதியில் பல அடுப்புகள் எரியாது, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்த அரிசியை வேகவைக்க கேஸ் வேண்டும், 2025 நவம்பரில் சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கும், ஆனால் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் கைத்தடிக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். அந்த அண்ணனுக்குப் பஸ்ஸும் இலவசம் இல்லை. பேரன் வந்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

நாங்கள் எதிர்க்கட்சி, எங்களால் என்ன செய்ய முடியும் என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். அதை நான் ஏற்க மாட்டேன். காரணம் உங்கள் நடுவிலேயே இருக்கிறது. திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேறியது. அதற்கு முன் நாற்பத்தைந்து ஆண்டுகளாக மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதாவும் நிறைவேறியிருக்கவில்லை. அப்போதும் அவர் எதிர்க்கட்சி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அது மக்களவையைத் தாண்டிச் சட்டமாகவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அரசால் ஒதுக்கி வைக்க முடியவில்லை. தானே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டியிருந்தது, 2019இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் குறைகள் உண்டு, திருநர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் தனிநபர் மசோதாக்களுக்கென்று ஒதுக்கிய வெள்ளிக்கிழமைப் பிற்பகலை ஒரு தமிழ்நாட்டு உறுப்பினர் பயன்படுத்திய விதத்தை நான் பெருமையாக நினைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகல்தான் எனக்கும் வேண்டும். முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய ஓய்வூதியமும் பி.எஃப். குறைந்தபட்சப் பென்ஷனும், உங்கள் ஓய்வூதியத்துக்கு 2018இல் எழுதிய அதே வாசகத்தின்படி, அதே குறியீட்டின்படி உயரும் என்று ஒரு மசோதா. நீளமாக எழுத வேண்டியதில்லை, வாசகம் ஏற்கெனவே உங்கள் சட்டத்தில் இருக்கிறது. ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்லாதீர்கள், அறுபத்தைந்து வயதுக்காரருக்கு ஐந்தாண்டு நீண்ட காலம். ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுதுங்கள். முதல் உயர்வை 2007இலிருந்தும் 2014இலிருந்தும் விட்டுப்போனதைக் கணக்கிட்டு அடித்தளமாக வையுங்கள். பழைய நிலுவை வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது நியாயம் என்றாலும்.

மசோதாவுக்கு நாளாகும். அதற்கு முன்னால் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எழுப்பலாம். 200 ரூபாயை ஏன் குறியீட்டோடு இணைக்கவில்லை, இணைத்தால் எவ்வளவு செலவாகும் என்று எழுத்துப்பூர்வமான பதில் கேளுங்கள். 57 பேரில் இடதுசாரிகள் இருக்கிறீர்கள், திராவிட இயக்கத்தவர் இருக்கிறீர்கள், காங்கிரஸ்காரர்கள் இருக்கிறீர்கள், அ.தி.மு.க.வினர் இருக்கிறீர்கள். வேறு எதில் சேராவிட்டாலும் இந்தக் கேள்வியில் எல்லோரும் கையெழுத்துப் போடலாம்.

பதில் வந்ததும் அதன் நகல் ஒன்றை உங்கள் தொகுதி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், தமிழில். சிங்காநல்லூர் படிப்பகத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். அதைப் படித்துக் காட்ட நான் அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து உங்கள் வாக்காளர் ஒருவர்